வெட்டுவதா, மடிப்பதா?

புதுப்பட்டினம் கடைத்தெருவில் எனக்கு நெடுநாள் பழக்கமான தையல்காரர் ஒருவர் உண்டு. ஒன்றரை ஆண்டில் பதினான்கு கிலோ இறங்கிய பிறகு நான்கு பேன்ட்களை அவரிடம் கொண்டுபோனேன். இடுப்பைச் சுற்றி நாடாவை ஓட்டினார். நோட்டைப் புரட்டிப் பழைய அளவைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நாலு இஞ்ச் போவுது சார். வெட்டிடட்டுமா, உள்ள மடிச்சு அடிச்சுடட்டுமா?" வெட்டினால் தையல் தட்டையாகப் படியும், ஆனால் போன துணி போனதுதான். மடித்தால் பின்பக்கம் தடித்துக் கொஞ்சம் உறுத்தும். ஆனால் தேவைப்பட்டால் பிரித்துக்கொள்ளலாம். நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஒரு பேன்ட்டுக்கு இவ்வளவு யோசனையா என்று கேட்கலாம். சதுரங்கப்பட்டினத்துக்கு நடந்து திரும்பும் வழியில், சில ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் படித்துவரும் இரண்டு ஆய்வுகள் நினைவில் ஓடின. ஒன்று, 2002இல் வெளியான அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்புத் திட்டம். மற்றொன்று, சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம். முன்னது வெட்டச் சொல்கிறது, பின்னது மடிக்கச் சொல்கிறது என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன். இரண்டையும் ஒரே மேசையில் விரித்துப் பார்த்தபோது அந்த எண்ணம் நிற்கவில்லை.

இரண்டும் புறப்பட்ட இடம் ஒன்றே. இன்னும் நீரிழிவு வராத, ஆனால் அதன் வாசற்படியில் நிற்கிறவர்களை இரண்டும் தேடிப் பிடித்தன. இரண்டிலும் ஒரு குழுவுக்கு வாழ்க்கைமுறை மாற்றம், ஒரு குழுவுக்கு மெட்பார்மின் மாத்திரை, ஒரு குழுவுக்கு வழக்கமான பொது அறிவுரை. இரண்டும் ஏறக்குறைய மூன்று ஆண்டுக் கணக்கு. அமெரிக்காவில் 27 மையங்களில் 3,234 பேர். சென்னையில் 531 பேர்.

உடம்புகள்தான் வேறு. அமெரிக்கர்களின் சராசரி உடல் நிறை எண் (BMI) 34. சென்னைக்காரர்களின் சராசரி 25.8. நம் கல்யாணப் பந்தியில் இந்த இரண்டாவது ஆளை உட்காரவைத்தால் யாரும் குண்டு என்று சொல்லமாட்டார்கள். "நல்லா பூசினாப்ல இருக்கார்" என்பார்கள். இன்னொரு கரண்டி பாயசம் விழும்.

கொடுத்த அறிவுரையும் வேறு சாயலில் இருந்தது. அமெரிக்காவில் ஓர் எண்ணைக் கையில் கொடுத்தார்கள்: உடல் எடையில் 7 விழுக்காட்டையாவது குறைக்க வேண்டும், வாரத்துக்கு 150 நிமிடம் உடலுழைப்பு வேண்டும். இதற்கென ஒவ்வொருவருக்கும் தனிப் பயிற்சியாளர், பதினாறு பாடங்கள். சென்னையில் பேச்சு காலையும் தட்டையும் பற்றியது: நாள்தோறும் அரை மணி நேரம் விரைந்து நட, சர்க்கரையைத் தவிர், தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறை, நார்ச்சத்தைக் கூட்டு. மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் ஒரு சந்திப்பு. ஏற்கனவே உடலுழைப்பு உள்ளவர்களிடம், செய்வதையே தொடருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் கடைசி வரி எனக்கு மிகவும் பிடிக்கும். விடியற்காலையில் எங்கள் ஊர் டச்சுக் கோட்டைக்கு அந்தப் பக்கம் கரையில் படகைத் தள்ளிக்கொண்டிருப்பவரிடம் போய் யாராவது நடைப்பயிற்சி பற்றிப் பேசினால் எப்படி இருக்கும்!

அமெரிக்காவில் வாழ்க்கைமுறைக் குழுவினர், ஆய்வுக் காலம் முழுவதற்குமான சராசரியில், 5.6 கிலோ இறங்கினார்கள்; நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. சென்னையில் எடை சொல்லிக்கொள்ளும்படி இறங்கவேயில்லை, வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. முதல் பார்வையில் தீர்ப்பு சுலபம். எண்ணைக் கொடுத்து வெட்டச் சொன்ன அமெரிக்காவுக்கு இரட்டிப்புப் பலன். காலையும் தட்டையும் பார்த்துக்கொள் என்ற சென்னைக்குப் பாதிப் பலன். நானும் பல நாள் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஆனால் விழுக்காடு எதிலிருந்து குறைந்தது என்று பார்க்க வேண்டும். பொது அறிவுரையோடு விடப்பட்ட அமெரிக்கர்களில் மூன்று ஆண்டில் நீரிழிவுக்குள் போனவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 29 பேர். வாழ்க்கைமுறைக் குழுவில் 14 பேர். அப்படியே விடப்பட்ட சென்னைக்காரர்களில் நூற்றுக்கு 55 பேர். வாழ்க்கைமுறைக் குழுவில் 39 பேர். கழித்துப் பாருங்கள். அங்கே சுமார் பதினைந்து பேர் தப்பினார்கள். இங்கே சுமார் பதினாறு பேர். ஒருவரை நீரிழிவிலிருந்து காக்க எத்தனை பேர் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்ற கணக்கில் அமெரிக்காவுக்கு 6.9, சென்னைக்கு 6.4. எடை இறங்கிய ஊரும் இறங்காத ஊரும், தசமப் புள்ளி வித்தியாசத்தில், ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. ஒரு சிறுகதையில் இப்படி எழுதினால் ஆசிரியர் நம்பமாட்டார்.

மாத்திரை விஷயத்தில் இந்த ஒற்றுமை உடைகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் மெட்பார்மின் 31 விழுக்காடுதான் குறைத்தது, வாழ்க்கைமுறையின் பாதி. சென்னையில், அங்கே கொடுத்ததைவிட மிகக் குறைந்த அளவில், 26.4 விழுக்காடு: வாழ்க்கைமுறைக்குக் கிட்டத்தட்ட சமம். சரி, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டிப்பாகுமா என்றால், அதுவும் இல்லை. சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு 28.2.

ஒல்லியான சென்னைக்காரருக்கு ஏன் இவ்வளவு ஆபத்து? இதற்கு விடையாக இன்னொரு இணை இருக்கிறது, அதுவும் வேடிக்கையான இணை. 2004இல் 'லான்செட்' இதழில் இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் தங்கள் இருவரையுமே பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திப் படம் போட்டார்கள்: புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் ஜான் யுட்கின். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடம்பில் 21.2 விழுக்காடு. எடைமேடை இருவரையும் ஒன்றென்று சொல்லும். உள்ளே இருப்பது இரண்டு மடங்குக்கு மேல் வேறு. நம் உடம்புக்கு எடைமேடை முழுச் சாட்சி அல்ல.

சிறுவயதில் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் காசு போட்டு எடை பார்க்கும் எந்திரத்தின் முன் நின்றது ஞாபகம் வருகிறது. வண்ண விளக்குகள் சுழன்று நின்றதும் சின்ன அட்டை ஒன்று விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் பலன். எடையையும் தலையெழுத்தையும் ஒரே அட்டையில் அச்சடித்தவர் யாரோ, நம் மனதை நன்றாகப் படித்தவர்.

ஆய்வுகள் முடிந்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் எங்களைப் போன்ற இளைத்தவர்களுக்கு முக்கியம். அமெரிக்காவில் முதல் ஆண்டில் ஏழு கிலோ அளவுக்கு இறங்கியவர்கள், பத்தாண்டு முடிவில் அதில் பெரும்பகுதியைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மனவுறுதி போதவில்லை என்று சொல்வது சுலபம். ஆனால் 2011இல் பிரியா சுமித்ரனும் மெல்பர்ன் பல்கலைக்கழகக் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஐம்பது பேரைப் பத்து வாரக் கடும் பத்தியத்தில் இளைக்க வைத்து, ஓராண்டு கழித்து ரத்தத்தைப் பார்த்தார்கள். பசியைத் தூண்டும் சுரப்புகள் அப்போதும் கூடியிருந்தன. வயிறு நிறைந்தது என்று சொல்லும் சுரப்புகள் அப்போதும் குறைந்திருந்தன. அதாவது, எடை இறங்கி ஓராண்டான பின்னும் உடம்பு பழைய எடையைத் தேடிக்கொண்டிருக்கிறது. கல்யாண வீட்டில் இரண்டாவது வடைக்குக் கை நீளும்போதெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்ட நாட்கள் உண்டு. இதைப் படித்த பிறகு திட்டுவதை நிறுத்தினேன். வடையை நிறுத்தினேன் என்று சொல்லமாட்டேன், பாதியாக்கினேன்.

எடை திரும்பிய அமெரிக்கர்களுக்கு நீரிழிவும் திரும்பி வந்து மொத்தக் கணக்கையும் அடைத்திருக்க வேண்டுமே? அப்படி நடக்கவில்லை. பத்தாண்டு முடிவில் அவர்களுக்கு நீரிழிவு வாய்ப்பு 34 விழுக்காடு குறைவு. பதினைந்தாம் ஆண்டில் 27 விழுக்காடு குறைவு. (இடையில் எல்லாக் குழுவினருக்கும் வாழ்க்கைமுறைப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டதால் இந்த ஒப்பீடு சற்றுக் கலங்கியது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.) அந்த 27ஐயும் சென்னையின் 28.5ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்து நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வேறு வேறு கால அளவு, வேறு வேறு கணக்கு முறை. சமம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் எடை இறங்கி மீண்ட ஊர், எடையே இறங்காத ஊரின் பக்கத்தில் வந்து நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது.

இதைவிடப் பெரிய வியப்பு அமெரிக்க ஆய்வின் உள்ளேயே ஒளிந்திருக்கிறது. அந்தப் பதிவுகளை மறுபடி அலசி 2006இல், அதாவது சென்னை ஆய்வு வெளியான அதே ஆண்டில், வெளியிட்ட கட்டுரை இரண்டு செய்திகளைச் சொன்னது. முதலாவது, இறங்கிய ஒவ்வொரு கிலோவுக்கும் நீரிழிவு வாய்ப்பு 16 விழுக்காடு குறைந்தது. ஆகவே எடை ஒரு பொருட்டே அல்ல என்று யாரும் கிளம்ப வேண்டாம். 34 என்ற உடல் நிறை எண்ணில் நிற்பவருக்கு எடை பெரிய பொருட்டுதான். இரண்டாவது, எடை இலக்கை எட்டாமல் போனவர்களில், வாரம் 150 நிமிட உழைப்பை மட்டும் விடாமல் பிடித்தவர்களுக்கு வாய்ப்பு 44 விழுக்காடு குறைந்திருந்தது. இலக்கு அளவுக்கு இளைக்கவில்லை, நடந்தார்கள், தப்பினார்கள். இது கிட்டத்தட்ட சென்னைக் கதை. வெட்டச் சொன்ன ஆய்வின் மடிப்புக்குள் இன்னொரு சென்னை இருந்திருக்கிறது.

எண்களை விட்டு இப்போது கண்களுக்கு வருவோம். இளைத்தவரை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதிலும் அந்த நாட்டுக்கும் நமக்கும் எதிரெதிர் வழக்கம். மேல்நாட்டுப் பத்திரிகைகளில் இளைப்பது வெற்றி. முன்னும் பின்னும் என்று இரண்டு படம் போட்டுக் கைதட்டுவார்கள். இங்கே இளைப்பது சந்தேகம். ஐந்தரை மணிக்கு டச்சுக் கோட்டை வாசலைத் தாண்டிக் கரைக்கு இறங்கினால், வலை பிரித்துக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவர் தினமும் என்னைக் கேட்பார்: "என்னா சார், சுகரா?" இல்லை என்று சொன்னால் நம்பமாட்டார். அத்தை ஒருத்தி என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "யார் என்ன சொன்னாங்கப்பா, இப்படி உருகிட்டே?" என்று கண் கலங்கினாள். அங்கே கைதட்டல், இங்கே கண்ணீர். ஆனால் இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான்: இளைத்தவன் தன் உடம்பைத் தன் கண்ணால் பார்க்க முடியாமல் செய்துவிடுகின்றன. கைதட்டல் நின்ற அன்று அவன் தோற்றவனாகிறான். கண்ணீரைத் துடைக்க இவன் இரண்டாம் முறை சோறு வாங்குகிறான்.

உடம்பைப் பற்றி இவ்வளவு பதற்றம் இல்லாமல் நம் பக்கத்திலேயே ஒருவர் உளி பிடித்திருக்கிறார். மாமல்லபுரத்துப் பெருந்தபசுப் பாறையில் ஒற்றைக் காலில் நிற்கும் தவசிக்கு விலா எலும்பை எண்ணிவிடலாம். அவன் அர்ச்சுனனா பகீரதனா என்ற வழக்கை இங்கே எடுக்க வேண்டாம். அவனுக்கு வரம் கொடுக்க நிற்கும் சிவனைச் சுற்றிய பூதகணங்களுக்கோ தொந்தி. எலும்பும் தொந்தியும் ஒரே பாறையில், ஒரே உளியில், ஒன்றை ஒன்று பழிக்காமல் நிற்கின்றன. கீழே அதே தவக்கோலத்தில் ஒரு பூனை, சுற்றி எலிகள். எடை குறைத்த முதல் ஆறு மாதம் நான் அந்தப் பூனைதான்: கை மேலே, கண் கீழே. எடைமேடை சரியான எண்ணைக் காட்டும் நாளில் விரதத்தை முடித்துக்கொண்டு எலியைப் பிடித்துவிடலாம் என்ற திட்டம். அந்த எண் வந்த நாளில், கல்பாக்கத்து உணவகம் ஒன்றில் முழு பிரியாணி சாப்பிட்டேன். அடுத்த மூன்று மாதத்தில் நான்கு கிலோ ஏறியது. திரும்ப இறக்க ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் நான் செய்தது சென்னை ஆய்வு சொன்னதை மட்டும்தான்: அரை மணி நடை, மதியச் சோற்றில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் கீரையும் பொரியலும், காப்பிக்குச் சர்க்கரை இல்லை. எடைமேடை கட்டிலுக்கு அடியில் போனது.

இளைத்த உடம்பில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று உண்டு. அடிவயிற்றிலும் மேல்கையிலும் தோல் தொங்குகிறது. வேட்டியை இறுக்கிக் கட்டினால் அதன் மேல் ஒரு மடிப்பு விழுகிறது. குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நிற்கும்போது, பழைய ஆள் கழற்றிப் போட்ட சட்டையை இவன் போட்டிருப்பதுபோல் இருக்கும். முதலில் எனக்கு இது வெட்கமாகத்தான் இருந்தது. உள்ளே நடப்பதைப் படித்த பிறகு வெட்கம் தணிந்தது. வளர்ந்தவர் உடம்பில் கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. நன்றாக இளைத்த பிறகும் அவை சுருங்குகின்றனவே தவிர எண்ணிக்கையில் குறைவதில்லை என்று 2008இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆண்டுக்குப் பத்தில் ஒன்று செத்துப் புதிதாகப் பிறக்கிறது, மொத்தம் அப்படியே. ஆக, உடம்பு எதையும் வெட்டுவதில்லை. மடித்து உள்ளே வைத்திருக்கிறது. அந்தப் பழைய ஆள் எங்கும் போய்விடவில்லை. அவனை எதிரியாக்கிக்கொண்டு மிச்ச நாளை ஓட்டுவதைவிட, அவனும் நான்தான் என்று அரை மணி நேரம் சேர்ந்து நடப்பது எளிதாக இருக்கிறது.

மறுநாள் தையல்காரரிடம் போய் மடித்தே தையுங்கள் என்றேன். சிரித்தார். "நீங்க வெட்டுன்னு சொல்லியிருந்தாலும் ரெண்டு இஞ்ச் உள்ள வுட்டுத்தான் சார் வெட்டியிருப்பேன். எல்லாருக்கும் அப்படித்தான். கேக்குறது ஒரு மரியாதைக்கு." அமெரிக்க ஆய்வை எழுதியவர்களும் இவரும் ஒரே பட்டறையில் தொழில் பழகியவர்கள்போல.

யாருக்கு எந்த ஆய்வு என்று கேட்டால், என் தீர்ப்பு இது. உடல் நிறை எண் முப்பதைத் தாண்டி நிற்பவருக்கு, மருத்துவர் துணையோடு, அமெரிக்காவின் ஏழு விழுக்காடு நல்ல தொடக்கம். இறக்க அதிகம் இல்லாத, ஆனால் வயிறு மட்டும் முன்னால் போகும் நம்மில் பெரும்பாலோருக்குச் சென்னை. இறக்கி முடித்துவிட்டு, இனி என்ன என்று நிற்பவர் யாராக இருந்தாலும் அவருக்கும் சென்னை.

சென்னைக்கு இத்தனை மதிப்பெண் கொடுத்துவிட்டு அதன் குறையை மறைக்கக் கூடாது. அமெரிக்க ஆய்வில் நூற்றுக்கு 68 பேர் பெண்கள். சென்னை ஆய்வின் 531 பேரில் பெண்கள் 110 பேர்தான். அதே குழு 2013இல் வெளியிட்ட, கைபேசிக் குறுஞ்செய்தியால் நீரிழிவைத் தள்ளிப்போட முடியுமா என்று பார்த்த ஆய்வில் 537 பேர். அத்தனை பேரும் ஆண்கள். காரணம் புரிகிறது: வேலையிடங்களில் அறிவிப்பு ஒட்டி ஆள் சேர்த்தால் வேலையிடத்தில் இருப்பவர்கள்தான் வருவார்கள். ஆனால் அந்த ஆண்களின் தட்டில் சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டியது யார் என்ற கேள்வி ஆய்வின் அட்டவணையில் இல்லை.

என் வீட்டிலும் இல்லை. என் பதினான்கு கிலோவுக்காக எண்ணெயை மாற்றியவள், எனக்குத் தனியாக ஒரு பொரியல் வைத்தவள், நான் குறைத்த சோற்றை வீணாக்க மனமில்லாமல் தன் தட்டில் போட்டுக்கொண்டவள், இதுவரை ஒருமுறைகூட ரத்தம் கொடுத்துச் சர்க்கரை பார்த்ததில்லை. கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்கிறாள். 25.8 சராசரியில் நின்ற சென்னைக்காரர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அடுத்த மாதம் நான் பரிசோதனைக்குச் செங்கல்பட்டு போகும்போது இருவராகப் போகிறோம். நீங்கள் இளைத்தவர் என்றால், உங்களுக்காகச் சமைத்தவரையும் ஒருமுறை கூட்டிப் போங்கள்.